யாரிடமாவது கேட்டிருப்பார்கள்

பச்சைத் திரை ஆடியதும் சென்னியப்பன் எழுந்து நின்றான். ஒன்றுமில்லை, வாளியோடு வெளியே வந்த துடைக்கிற அம்மாள்தான். மறுபடி உட்கார்ந்தான். கோகிலாவை உள்ளே கூட்டிப்போய் வெகுநேரம் ஆகியிருக்காது. சின்ன வேலைதான், பிடித்து இழுக்கிற நூல் கர்ப்பப்பைக்குள் ஏறிவிட்டது, அதனால் லேசாக மயக்கம் கொடுத்து எடுக்கிறோம், காபி குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காபி குடிக்கப் போகவில்லை. பக்கத்து நாற்காலியில் மாமியார் மாராத்தாள் ஒயர்கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடைக்குள் சுடுதண்ணீர் பிளாஸ்க்கும், மகளுக்கு மாற்றுச் சேலையும், நேற்றிலிருந்து யாரும் திறக்காத ஒரு பொட்டலம் முறுக்கும் இருந்தன. "உக்காருங்க மாப்ள. அவிங்களே கூப்புடுவாங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, அவனிடம் இல்லாமல் தரையிடம் சொல்வதுபோல், "நானும் நெனச்சு நெனச்சுப் பாக்கறனுங்க. என்னிய எப்பக் கேட்டாங்க, நான் எப்பச் சரின்னேன்னு ஒண்ணுமே நெனப்பு வரமாட்டேங்குது" என்றாள். இப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "கேட்டிருப்பாங்களாட்ட இருக்குது. கேக்காமயா போடுவாங்க" என்று அவளே முடித்துவிட்டாள். முடிந்த பேச்சை எங்கே பிடித்து ஆரம்பிப்பது? சென்னியப்பன் எதிர்ச் சுவரில் சிரித்துக்கொண்டிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தான். எந்த ஊர்க் குழந்தையோ. கன்னம் உப்பி, தலையில் ஒரு முடிகூட இல்லாமல், பிறந்ததிலிருந்து யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத முகம்.

போன வாரம் ஸ்கேன் எடுத்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. கோகிலாவுக்கு மாதக்கணக்காக அடிவயிற்றில் வலி. அல்சர் என்று நினைத்து வெண்டைக்காயும் மோரும் சாப்பிட்டுப் பார்த்தாள். கேட்கவில்லை. கடைசியில் அவள் அம்மா வந்து இழுத்துக்கொண்டு போனதால்தான் ஸ்கேனே. அந்தப் பெண் திரையைப் பார்த்தபடி சாதாரணமாக, "காப்பர் டி எப்பக்கா போட்டீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "நான் ஒண்ணும் போடலையே கண்ணு." "உள்ள இருக்குதேக்கா." வெளியே நின்றிருந்த சென்னியப்பனுக்குக் காப்பர் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், காலையில் எழுந்தால் ராத்திரி படுக்கும்வரை காப்பர் கம்பியோடு கிடப்பவன். அவன் மனம் முதலில் போன இடம் பட்டறைதான், ஏதோ துண்டுக் கம்பி சோற்றோடு கலந்து அவள் வயிற்றுக்குள் போய்விட்டது என்று நினைத்துவிட்டான். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. டாக்டரம்மாதான் பொறுமையாகச் சொன்னார். பிரசவம் எங்கே, முதல் குழந்தையா, சரி, அப்போதே போட்டிருப்பார்கள், அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேண்டும் என்று பிரசவம் ஆன கையோடு போட்டுவிடுவதுதான், பத்து வருஷம் தாங்கும், இது அதையும் தாண்டிவிட்டது. "எனக்கு யாருமே சொல்லலைங்களே டாக்டர்" என்றாள் கோகிலா. "நீங்க வலியில இருந்திருப்பீங்கம்மா. யார்கிட்டயாவது கேட்டிருப்பாங்க." அப்போதுதான் கோகிலா திரும்பினாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிரசவ அறைக்குள் கூட இருந்தது அம்மா மட்டும்தானே. இருவருக்கும் நடுவில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தான். அந்தப் பார்வை அவன் முகத்துக்கு முன்னால் கடந்து போயிற்று, ரயில்வே கேட்டில் நிற்கிறவன் முன்னால் ரயில் போவதுபோல். அவன் கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டான்.

அவனுக்கு அந்த நொடியிலேயே நினைவு வந்துவிட்டது. அதுதான் விஷயம். தாலுகா ஆஸ்பத்திரிக் கம்பிக் கதவு, அதில் பச்சைப் பெயின்ட் உரிந்து உள்ளே இருந்த பழைய சிவப்புத் தெரிந்த இடம், அங்கே கையை வைத்துக்கொண்டு நின்றது. ஆம்பளைகளுக்கு அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் அனுமதியில்லை. மாராத்தாள் உள்ளே துணி அலசிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். ஒரு நர்சம்மா வேகமாக வந்து கம்பிக்கு அப்பால் நின்று, "கோகிலா வீட்டுக்காரருங்களா? பொம்பளப் புள்ளைங்க. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க" என்றாள். அதற்கப்புறம் அவள் சொன்னதெல்லாம் ஓடுகிற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் சொல்வதுபோல் போயிற்று. மொதக் கொழந்ததானே, மூணு வருசம் இடைவெளி வேணும், ஒண்ணு போட்டு வுட்டர்றோம், சரிங்களா. அவன் தலையாட்டினான். "எது நல்லதோ பாத்துப் பண்ணுங்க சிஸ்டர்" என்றும் சொன்னான். சொன்னானா? சொன்னான். அந்த வாக்கியம் அவனுக்கு எப்போதும் கையில் இருக்கும் வாக்கியம். மோட்டார் கொண்டுவந்து இறக்கும் தோட்டக்காரர்கள் அவனிடம் சொல்வதும் அதுதான், எது நல்லதோ பாத்துப் பண்ணு தம்பி. நர்சம்மா போய்விட்டாள். அவன் மனம் அப்போது எங்கே இருந்தது? பொம்பளப் புள்ளை என்ற சொல்லிலேயே நின்றுவிட்டிருந்தது. வீட்டில் அவன் அம்மா, செத்துப்போன அப்பாரு பேரைப் பேரனுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இதை அவளிடம் எப்படிச் சொல்வது, போனில் சொல்வதா, நேரில் போய்ச் சொல்வதா, என்று அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தான். ஒரு ஊசி என்று நினைத்தான். அல்லது குளுக்கோஸ். நினைத்தானா, இல்லை ஒன்றுமே நினைக்கவில்லையா? பெண் குழந்தையா என்று மனம் சுருங்காமல் இருந்திருந்தால் காது திறந்திருக்கும், என்ன சிஸ்டர் போடறீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். அந்தப் பெண் குழந்தைதான் இன்றைக்குக் காலையில் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது, "அப்பா, அம்மாவக் கூட்டீட்டு வர்றப்ப மெதுவா ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

ஆனால் மூணு வருசம் என்பது அவன் காதில் விழுந்திருக்கிறது. இங்கேதான் ஒவ்வொரு தடவையும் முள் மாட்டுகிறது. நேற்று ராத்திரி படுத்தபோதும் இங்கேதான் மாட்டியது. மகள் யாழினி தவழ்ந்தபோதும் நடந்தபோதும் அவன் அம்மா அடுத்தது அடுத்தது என்று நச்சரித்தாள். அப்போது, "அதுக்கு மூணு முடியட்டும்மா" என்று சொன்னது யார்? அவன்தான். எங்கிருந்து வந்தது அந்த மூணு? தெருவில் அப்படிக் கணக்கு வைத்தவர்கள் யாருமில்லை. ரெண்டு பெற்றுக்கொள்வார்கள், ரெண்டாவது பிரசவத்தோடு பொம்பளைக்கு ஆபரேசன் ஆகிவிடும், வேலை முடிந்தது. பட்டறைச் சந்தில் லேத் மாணிக்கம், வெல்டிங் ரபீக், எதிர்க்கடைப் பொன்னுசாமி, அத்தனை பேர் பெண்டாட்டிகளும் பண்ணிக்கொண்டவர்கள்தான். ஆம்பளை பண்ணிக்கொண்டதாக இந்தப் பக்கத்தில் அவன் ஒருத்தனைக்கூடக் கண்டதில்லை. ஒருதரம் சுகாதார நிலையத்திலிருந்து வந்த ஆள், ஆண்களுக்கு இன்னும் சுலபம், தையல்கூட இல்லை என்று பேசிப்பார்த்தபோது பொன்னுசாமி, "ஏனுங்க, நாங்க மூட்டை தூக்கறதா வேண்டாமா?" என்று கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள், சென்னியப்பனும் சிரித்தான். பெண்டாட்டிக்கு எதை வெட்டினார்கள், எதைக் கட்டினார்கள் என்று அங்கே ஒருத்தனுக்கும் தெரியாது. எரிந்த மோட்டாரைப் பிரித்து எந்தச் சுற்றில் எரிந்தது என்று விரலால் தடவியே சொல்லத் தெரிந்தவனுக்கும் தெரியாது. அப்படியானால் அந்த மூணு நர்சம்மா கொடுத்ததுதான். ஒரு மூலையில் அது போய் உட்கார்ந்திருக்கிறது. மூணு வருஷம் ஆனதும் போட்டது தானாகத் தீர்ந்துவிடும், மருந்து தீர்வதுபோல, என்று அந்த மூலை தன்பாட்டுக்கு நம்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஆனால் அந்த மூலையும் அவன்தானே.

மாராத்தாள் கூடையைக் கீழே வைத்தாள், மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். போன வாரத்திலிருந்து அவளோடு கோகிலா பேசவில்லை. ஒரே ஒரு தடவை சமையல்கட்டில் பேசினாள். "நீ ஆறு பெத்துட்ட. எனக்கு ஒண்ணு போதும்னு நீ எப்படியம்மா முடிவு பண்ணுன?" கிழவி கரண்டியைப் போட்டுவிட்டு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சென்னியப்பன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். செருப்பு காலில்தான் இருந்தது. அப்போதும் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் கோகிலா பட்டதெல்லாம் கண்முன் வந்து நின்றதால்தான் சொல்லமுடியவில்லை என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டான். அடுத்த பிள்ளைக்கு வேண்டி அவள் தூளி கட்டிய மரங்கள். ஈரச்சேலையோடு கோயில் தரையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து அவள் மண்சோறு தின்றது, உதட்டில் ஒட்டிய மணலைத் துடைக்காமல் அவனைப் பார்த்துச் சிரித்தது. கல்யாண வீடுகளில் ஒத்தப் பொட்டப்புள்ளையோட நிறுத்திப்போட்டா என்று அவன் அம்மா எல்லோர் காதிலும் விழச் சொன்னது, இவள் பந்தியில் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது. அம்மாவும் அந்தப் பேரை யாருக்கும் கொடுக்காமலே போய்ச் சேர்ந்தாள். இவ்வளவும் ஒரு தலையாட்டலுக்குள் இருந்து வந்திருக்கிறது. ஒரு தலையாட்டல் என்ன எடை இருக்கும்?

தலையாட்டல் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. யாழினி பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், கோகிலா எங்கெங்கோ விசாரித்து ஒரு டாக்டரம்மாவிடம் அவனைக் கூட்டிப்போனாள். மஞ்சள் சேலை கட்டியிருந்தாள், கல்யாணத்துக்குப் போவதுபோல். அந்த டாக்டரம்மா, ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்துவிடுவோம், முதலில் சாருக்கு, அதுதான் சுலபம் என்று சொல்லி மணியடித்தார். நர்ஸ் பெண் மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை அவன் கையில் கொடுத்து வராந்தாக் கடைசி அறையைக் காட்டினாள். அறைக்குள் ஒரு வாளி, ஒரு கண்ணாடி, நகைக்கடை காலண்டர். காலண்டரில் லட்சுமி. அவன் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வெளியே யாரோ இருமினார்கள். இதில் உயிரணு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால்? பொன்னுசாமி டீக்கடையில் வைத்து, "என்ன சென்னியப்பா, ஊர் மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டற, உன்ற மோட்டார் ஒரே சுத்தோட நின்னுபோச்சாட்டம்" என்று கேட்டது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான் சிரித்தான். கண்ணாடியில் தெரிந்த ஆளை அவனுக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கப் படி வழியாக இறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு, பாதித் தூரம் போய்விட்டு அவளுக்குப் போன் பண்ணினான். "அவசரமா ஒரு தோட்டத்து மோட்டார் எரிஞ்சுபோச்சு கோகிலா. நீ பஸ்ஸுல வந்துரு." அவள் சரியென்றாள். ஏன் என்று கேட்கவில்லை. அதற்கப்புறம் அந்த டாக்டரம்மா பேச்சையே அவள் எடுக்கவில்லை. டப்பா அவன் சட்டைப்பையிலேயே வந்துவிட்டது. பட்டறையில் ரொம்ப நாள் அதில் வாஷர் போட்டு வைத்திருந்தான். வேறு ஊர் வைத்தியரிடம் திருட்டுத்தனமாக வாங்கிய லேகியத்தை வார்னிஷ் டின்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு நெல்லிக்காயளவு விழுங்கினான். கசப்பு மத்தியானம்வரை நாக்கில் நிற்கும். அன்றைக்கு அந்த அறையிலிருந்து ஓடாமல் இருந்திருந்தால், அடுத்தது அவளுக்கு ஸ்கேன். அவ்வளவுதான். ஒரு பெண் திரையைப் பார்த்து, காப்பர் டி எப்பக்கா போட்டீங்க என்று அன்றைக்கே கேட்டிருப்பாள். அப்போது கோகிலாவுக்கு முப்பத்திரண்டு, முப்பத்திமூன்று. இப்போது இந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "பாக்கலாம், பாக்கலாம், வயசும் ஒண்ணு இருக்குதில்லீங்களா" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

"கோகிலா கூட வந்தவங்க யாரு?" திரையை விலக்கிக்கொண்டு நர்ஸ் நின்றாள். கையில் ஒரு சின்னக் கிண்ணம். "எடுத்தாச்சுங்க. பாக்கறீங்களா? சில பேர் பாக்கணும்பாங்க." மாராத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சென்னியப்பன் எட்டிப்பார்த்தான். பாதி விரல் நீளம்கூட இல்லை. அதில் சுற்றியிருந்த கம்பி கறுத்துப்போயிருந்தது. கையில் எடுத்தால் எத்தனை கனம், என்ன கேஜ் என்று சொல்லிவிடுவான். கையை நீட்டவில்லை. "சரிங்க" என்றான். இதற்கும் அதே தலையாட்டல்தான்.

சுவரோரக் கட்டிலில் கோகிலா படுத்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. மாராத்தாள் கூடையைக் கால்மாட்டில் வைத்துவிட்டு மகளின் பாதத்தைப் பிடித்தாள். "கண்ணு, எனக்கு நெனப்பு வந்துருச்சு சாமி. அந்த நர்சம்மா என்னியத்தான் கேட்டா. நான்தான் சரின்னேன். தெரியாமச் சொல்லிப்போட்டன். நீ இந்தக் கிழவிகூடப் பேசு கண்ணு." அது பொய் என்று அந்த அறையில் சென்னியப்பனுக்கு மட்டும் தெரியும். மாராத்தாளுக்கே தெரியுமா என்பது சந்தேகம், அவ்வளவு உறுதியாகச் சொன்னாள். கோகிலா காலை இழுத்துக்கொண்டாள். மெதுவாக, வலிக்காமல், ஆனால் இழுத்துக்கொண்டாள். கிழவியின் கை வெறும் படுக்கை விரிப்பின்மேல் கிடந்தது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். சுருங்கி, விரல்கள் பாதி மடங்கி, எதையோ பிடித்திருந்த மாதிரியே கிடந்தது.

"அத்தையில்ல கோகிலா" என்றான். "என்னியத்தான் கேட்டாங்க. கம்பிக் கதவுகிட்ட வந்து. நான்தான் தலையாட்டுனேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். மயக்கம் முழுதாகத் தெளியாத கண்கள், அவன்மேல் வந்து நிற்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அழுவாள் என்று நினைத்தான், திட்டுவாள் என்று நினைத்தான், இரண்டுக்கும் தயாராக நின்றான். அவள் நிதானமாக, "அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. "தெரிஞ்சுதான் அன்னைக்கு அந்த டாக்டரம்மாகிட்டருந்து ஓடி வந்தீங்க. டெஸ்ட் எடுத்தா வெளிய வந்துரும்னு."

இதை அவன் நினைத்தே பார்க்கவில்லை. இத்தனை நாள் ஒரே ஒரு பள்ளத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான், அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருந்திருக்கிறது. இல்லை என்று சொல்லவேண்டும். சொன்னால், பின்னே ஏன் ஓடி வந்தீர்கள் என்று கேட்பாள். அதற்குப் பதில் உண்டு. வண்டியிலும் பட்டறையிலும் வெறும் வயிற்றுக் கசப்பிலும் அவன் ஒருத்தனே வைத்திருந்த பதில். மாமியார் நிற்கிறாள். அடுத்த கட்டிலில் ஒரு பெண், அவள் புருஷன் போனைப் பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால், வேண்டுமென்றே செய்தவன் என்று ஆகும். திட்டம் போட்டுச் செய்த ஆம்பளை. ஒரு கணம், ஒரே கணம்தான், அதுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது. பெண்டாட்டி மனசில் சூதுக்காரனாக இருந்துவிடலாம், அதற்காவது ஒரு நிமிர்வு உண்டு. அப்படித் தோன்றியதும் அவனுக்குத் தன்மேல் ஒரு அருவருப்பு வந்தது, கண்ணாடியில் அன்றைக்குப் பார்த்த ஆள்மேல் வந்த அதே அருவருப்பு.

"தெரியாது கோகிலா. சத்தியமா, ஊசியின்னு நெனச்சேன். மறந்தும்போச்சு. அன்னைக்கு ஓடுனது..." அடுத்த கட்டில் பக்கம் பார்க்காமல் சொன்னான். "எனக்குத்தான் கொறைன்னு எழுதிக் குடுத்துருவாங்களோன்னு. பயந்துபோயிட்டேன். எல்லாரும் சிரிப்பாங்களேன்னு."

அடுத்த கட்டில்காரன் போனை மடியில் வைத்தான். மாராத்தாள் பிளாஸ்க் மூடியைத் திறக்க ஆரம்பித்தாள், திறக்கத் தெரியாதவள்போல் அதையே திருகிக்கொண்டிருந்தாள். கோகிலா கூரையைப் பார்த்தாள். பிறகு, யாரோ மூன்றாம் மனுஷிக்கு நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"அதுக்கு மறுவருசம், யாழினிக்கு அம்மை போட்டு எந்திரிச்சுதே, அப்ப நான் மட்டும் தனியா ஒருக்கா அதே டாக்டரம்மாகிட்டப் போனனுங்க. ஸ்கேன் எழுதிக் குடுத்தாங்க. போய் உக்காந்தேன். பேரையும் கூப்பிட்டாங்க. ரெண்டாவது தடவயும் கூப்பிட்டாங்க." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "எனக்குக் கொறை ஒண்ணுமில்லைன்னு வந்துட்டா, அப்புறம் கொறை உங்களுக்குன்னு இல்ல சொல்லுவாங்கன்னு, எந்திரிச்சு வந்துட்டேன்."

சென்னியப்பன் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். அது சில்லென்றிருந்தது.

"சொல்லீட்டுப் போறாங்கன்னு விட்டிருக்கலாம்" என்றான்.

"விட்டிருக்கலாமுங்க" என்றாள் கோகிலா, கண்ணை மூடிக்கொண்டு.